விண்கலம் ஒன்று, இறக்கை இரண்டு

காவல்துறை ஒரு பொருளைக் கைப்பற்றி நீதிமன்றத்துக்குத் தெரிவித்துவிட்டால், அந்தப் பொருளை உரியவரிடம் ஒப்படைக்க நடுவர் உத்தரவிடலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 457. படிக்க அரை நிமிடம் போதும். உத்தரவு எழுத, பேனாவில் மை இருந்தால், கால் மணி நேரம். நீதிமன்ற எழுத்தராகச் சேர்ந்து சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவன் நான். இந்தப் பிரிவின் கீழ் மாடுகள், தையல் மிஷின்கள், சாராயம் காய்ச்சிய அண்டா, ஒருமுறை கல்யாணப் பந்தல்கூட உரியவரிடம் திரும்பிப் போனதைப் பார்த்திருக்கிறேன். என் அக்காளின் கணவருடைய ஜீப்பு மட்டும் திரும்பவில்லை. அது ஜீப்பு என்று எந்தக் காகிதத்திலும் இல்லாததுதான் காரணம். பறிமுதல் பட்டியலின் முதல் நான்கு வரிகள் இன்னும் எனக்கு மனப்பாடம்: விண்கலம் ஒன்று. இறக்கை இரண்டு. பீரங்கி இரண்டு. முன்புறம் ‘விடுதலை விண்கலம் 5’ என்று எழுதிய தகரம் ஒன்று.

மச்சானின் ஜீப்பு யுத்த காலத்தது. பட்டாளம் வேண்டாமென்று கழித்துவிட்டதை யாரோ எடுத்து, அவரிடமிருந்து வேறு யாரோ வாங்கி, கடைசியில் போடியில் மச்சானிடம் வந்து சேர்ந்தது. குரங்கணிக்கு மேலே, பாதை என்று மரியாதைக்குச் சொல்லப்படும் கல் சரிவில், ஓர் ஏலக்காய்த் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீடுகள் வரை போய்வந்த ஒரே வண்டி அது. காலையில் ஆட்களும் அரிசியும் மேலே போகும். மாலையில் காய் மூட்டை இறங்கும். இடையில் பிரசவம், பாம்புக்கடி, பெண் பார்க்கப் போகிறவர்கள், பன்றி முட்டியவர்கள், தோட்டத்து அம்மன் கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடா எல்லாமே அதில்தான். உள்ளே இடமில்லாதவர்கள் பின்னால் தொங்குவார்கள். தொங்கவும் இடமில்லாதவர்கள் பானெட்டில் உட்காருவார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் எந்தப் பிரிவை மச்சான் மீறவில்லை என்று கண்டுபிடிக்க நான் ஒருமுறை முயன்று தோற்றுப்போனேன். அவரிடம் சொன்னேன். “மாப்ளே, சட்டத்த மேல ஏத்தணுமுன்னாலும் நாந்தான் ஏத்தணும். நடந்து வராது அது” என்றார்.

அந்தத் தோட்டத்தில் ஒரு வாத்தியார் இருந்தார். லைன் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடத்தில் ஒற்றை ஆசிரியர். ஒல்லியான உடம்பு, ஊரைக் கூட்டும் குரல். தோட்டத்து அம்மனுக்கு மாசியில் பொங்கல் வைக்கும்போது நாடகம் போடுவது அவர் வழக்கம். நாடகம் போடுவதற்கும் விதி உண்டு. கையெழுத்துப் பிரதியை முன்கூட்டியே காவல் நிலையத்தில் கொடுத்து அனுமதி பெற வேண்டும். நான் சொல்லும் மாசிக்கு முந்தைய ஆண்டு அவர் எழுதிய நாடகத்தில் கூலி என்ற சொல்லும் தொரை என்ற சொல்லும் வந்ததால் அனுமதி மறுக்கப்பட்டது. தோட்ட மேலாளரைத்தான் எல்லாரும் தொரை என்பார்கள். எனவே இந்த முறை வாத்தியார் கதையைப் பூமியிலிருந்தே தூக்கிவிட்டார். எங்கோ ஒரு நட்சத்திரக் கூட்டம். அதை ஆளும் ஒரு சக்கரவர்த்தி. அவனுக்காக நட்சத்திர விதை பொறுக்கும் அடிமைகள். அவர்கள் கலகம் செய்கிறார்கள். கலகக்காரர்களிடம் இருப்பது ஒரே ஒரு போர்க்கலம். அதுவே சண்டை போடும், அதுவே அரிசி ஏற்றும், அதுவே காயம்பட்டவர்களைச் சுமக்கும். காவல் நிலையத்தில் பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பூமியில் நடக்காத சங்கதிக்கு ஆட்சேபணை இல்லை என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

கலத்தைச் செய்தது லைன் ஆட்கள். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் கழித்துப்போட்ட வலைத்தட்டுகளைச் சேர்த்துக் கட்டி இரண்டு இறக்கைகள். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளிக் காகிதத்தை உரித்து அவற்றின் மேல் ஒட்டினார்கள். இறக்கைக்கு ஒன்றாக, மருந்தடிக்கும் பம்பின் நீளக் குழாய்தான் பீரங்கி. அதில் ஆரத்தித் தண்ணீரை நிரப்பி அடித்தால் சிவப்புக் கதிர் பாயும். முன்னும் பின்னும் வண்டி எண்ணை மறைத்துத் தகரம் கட்டினார்கள். முன் தகரத்தில் வாத்தியாரே தன் கையால் பெயர் எழுதினார். அக்காளைப் பார்க்கப் போயிருந்த நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

“அஞ்சுன்னு எதுக்கு வாத்தியாரே?” என்று மச்சான் கேட்டார்.

“மொத நாலையும் எதிரி சுட்டு விழுத்தாட்டிட்டான். மிச்சம் இது ஒண்ணுதான்.”

“நாலு டிரைவர் செத்த எடத்துக்குத்தான் என்னயக் கூப்புட்டீகளாக்கும்? ஆத்தா, ஒந்தாலிய எதுக்கும் கழட்டிப் பெட்டில வச்சுக்க” என்றார் அக்காளைப் பார்த்து.

அக்காள் கோந்துக் கையோடு நிமிர்ந்தாள். “இந்த வண்டியில உக்காந்து வந்த எனக்கே ஒண்ணும் ஆகல. ஓட்டுறவுகளுக்கு என்ன ஆகப்போகுது? பேச்சக் கொறச்சுட்டு அந்தக் கம்பியக் கொண்டாங்க, வெரசா.”

நாடகம் பட்டப்பகலில் நடந்தது. தோட்டத்தில் மின்சாரம் தொரை பங்களாவுக்கு மட்டும்தான். கோயிலுக்கு முன்னால் இருந்த வெட்டவெளியில் ஜனம் உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில், நாற்காலியில், தொரையும் அவர் மனைவியும். சக்கரவர்த்தி வேஷம் வாத்தியாருக்கு. பாதி நாடகத்தில், பிரதியில் இல்லாத ஒரு காரியத்தை அவர் செய்தார். தலையில் தொரை போடுவது போன்ற காக்கித் தொப்பி, கையில் டார்ச் லைட். பொறுக்கி வந்த கூடைகளுக்குள் பகலிலேயே டார்ச் அடித்துப் பார்த்து, கூடை வைத்திருப்பவளின் முகத்திலும் அடிப்பது தொரையின் பழக்கம். வாத்தியார் அதை அப்படியே செய்துகாட்டினார். முதலில் ஒருத்திதான் சிரித்தாள். பிறகு மலையே சிரித்தது. தொரையின் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். தொரை எழுந்து போய்விட்டார். பிரதியிலிருந்து விலகி நடிப்பது அனுமதி நிபந்தனையை மீறிய செயல். அதற்குரிய நடவடிக்கை, எழுத்து மூலம் விளக்கம் கேட்பது.

எழுத்து மூலம் யாரும் கேட்கவில்லை. விண்கலம் இரைச்சலோடு மேடைக்குள் நுழைந்து, பெண்கள் குலவையிட்டு, பீரங்கிகள் ஆரத்தித் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்த நேரத்தில் ஸ்டோர்ப் பக்கமிருந்து ஒரு லாரி ஆட்கள் இறங்கி வந்தார்கள். எங்கள் பக்கத்து முகங்கள் அல்ல; முதல் நாளே குரங்கணி வரை லாரியில் வந்து, நடந்து ஏறி ஸ்டோரில் தங்கியிருந்தவர்கள் என்று பிறகு தெரிந்தது. அரிவாளும் இரும்புக் குழாயும் வைத்திருந்தார்கள். முன்னால் இருந்தவர்கள் அவர்களையும் நாடகத்து ஆட்கள் என்று நினைத்து வழிவிட்டார்கள். முதல் குழாய் ஒரு கிழவரின் முழங்காலில் விழுந்தபோதுகூடச் சிலர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் போட்ட சத்தம் நடிப்புச் சத்தம் இல்லை என்று புரிந்ததும் கூட்டம் கிழிந்தது. குழந்தைகளை மிதித்துக்கொண்டு ஓடினார்கள். பொங்கல் பானை ஒன்று எடுத்து வீசப்பட்டு, கொதிக்கும் சோறு ஒருவன் முதுகில் அப்பியது. இறக்கைகளின் மேல் நின்ற இரண்டு பேரும் குழாயை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் திராவகம் என்று பயந்து கண்ணை மூடிக்கொண்டு, கண்ணை மூடியபடியே வெட்டினார்கள். எல்லார் உடம்பிலும் சிவப்பு. எது ஆரத்தி, எது ரத்தம் என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. ரத்தம் சூடாக இருந்தது.

அவர்கள் தேடி வந்தது தொப்பியை. வாத்தியார் ஓடவில்லை. டார்ச்சை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, “பிள்ளைக இருக்குப்பா, பிள்ளைக இருக்கு” என்று கத்திக்கொண்டிருந்தார். முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில். மூன்றாவதைத் தடுக்க நீட்டிய கை, டார்ச்சோடு, தொங்கிப்போனது. மச்சான் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்து அந்தக் கும்பலுக்குள் விட்டார். வெள்ளி இறக்கை ஒருவன் முகத்தில் மோதி அவனைச் சாய்த்தது. நானும் அக்காளும் வாத்தியாரைத் தூக்கிப் பின்னால் போட்டோம். முழங்கால் நொறுங்கிய கிழவர், மண்டை உடைந்த இரண்டு பெண்கள், விரல்கள் போன ஒரு பையன், யார் பிள்ளை என்று தெரியாத ஒரு கைக்குழந்தை, எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு இறங்கினோம். முதல் வளைவில் லாரி ஆட்கள் நான்கு பேர் பாதையை மறித்து நின்றார்கள். மச்சான் ஹாரன் அடித்தார். விலகவில்லை. அவர் கியரைக் குறைக்கவில்லை. மூன்று பேர் தாவினார்கள். ஒருவன் தாவுவதற்குக் காலம் போதவில்லை. அவன் கால் எலும்பு முறிந்த சத்தத்தை எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்டேன். காய்ந்த மூங்கிலை மிதித்தால் அப்படிக் கேட்கும்.

வாத்தியாரின் தலை என் மடியில் இருந்தது. தாடைக்கயிறு போட்டு இறுக்கிய தொப்பி அப்போதும் விழவில்லை. பாதி வழியில் கண்ணைத் திறந்தார். “இந்தத் தொப்பியக் கழட்டுங்கப்பா. இதோட போகக் கூடாது” என்றார். அக்காள் பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்துத் தொப்பியை வெளியே வீசினாள். குரங்கணி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அவர் போய்விட்டார்.

காயம்பட்டவர்களையும், தானே தூக்கி வாத்தியாரின் உடலையும் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு மச்சான் நேராகக் காவல் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. கொலை நடந்திருக்கிறது, புகார் கொடுக்க வேண்டும், அதுதான் முறை என்று அவருக்குச் சொன்னவன் நானே. ஆனால் தொரையின் புகார் தொலைபேசியில் முந்திக்கொண்டு வந்திருந்தது. மச்சானை உட்காரச் சொல்லாமலே கைது செய்தார்கள். கால் முறிந்தவனைக் கொல்ல முயன்ற குற்றம். வண்டியையும் கைப்பற்றினார்கள். நிலைய எழுத்தர் பட்டியலோடு வெளியே வந்து வண்டி எண் என்ன என்று கேட்டார். வாத்தியாரின் ரத்தம் காய்ந்து சட்டை விறைத்துப்போயிருந்த மச்சான், “முன்னால எழுதியிருக்கும், பாருங்க” என்றார். எழுத்தர் பார்த்தார். எழுதியிருந்ததை எழுதிக்கொண்டார். அது நாடகத் தகரம், கீழே நிஜமான எண் இருக்கிறது என்று நான் பதறினேன். எழுத்தர் திருத்தப் போனார். ஆய்வாளர் தடுத்துவிட்டார்.

“இருக்கட்டும்யா. ஜீப்புன்னு எழுதுனா ஆக்சிடென்டும்பானுக. பீரங்கி, போர்க்கலம்னு இருந்தாத்தான் கேசு கனக்கும்.” பிறகு என்னைப் பார்த்து, “கோர்ட்டு ஆளா நீங்க? அப்பக் கோர்ட்டுல பேசிக்கங்க” என்றார்.

மச்சான் ஜாமீனில் வந்ததும் வக்கீல் வைத்து, ஜீப்பைத் திருப்பித் தரும்படி 457இல் மனுப் போட்டோம். நான் அதே நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தேன். உறவு முறையை எழுத்தில் தெரிவித்தேன். அந்த வழக்குக் கட்டை நான் தொடக் கூடாது என்று என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்தக் கட்டுக்கு வரும் காகிதமும் அதிலிருந்து போகும் காகிதமும் தபால் பிரிவு வழியாகத்தான் போகும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மனு முதல் வாரத்திலேயே திரும்பியது. மனுதாரரின் பதிவுப் புத்தகம் ஜீப்பு ஒன்றைக் குறிக்கிறது, கைப்பற்றப்பட்டிருப்பது விண்கலம், விளக்கவும். விளக்கினோம். வண்டியைப் பரிசோதித்து அறிக்கை தரும்படி மோட்டார் வாகன ஆய்வாளருக்கு எழுதினார்கள். சாலையில் ஓடும் வாகனங்கள் மட்டுமே தம் வரம்புக்குள் வரும், பட்டியலில் உள்ள பொருள் அவ்வாறு தெரியவில்லை என்று அவர் பதில் எழுதினார். நடுவர் நல்ல மனிதர். கை சுத்தம். ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன. ஆகாயத்தில் போகும் பொருளாக இருந்தால் மைய அரசின் கருத்தைக் கேளாமல் விடுவிக்க நமக்கு அதிகாரம் உண்டா என்று ஓரக்குறிப்பு எழுதினார். கேள்வி படிப்படியாக மேலேறி, வானூர்திகளைக் கவனிக்கும் தில்லி அலுவலகம் ஒன்றுக்குப் போனது. உறையில் தபால் தலை ஒட்டியவன் நான்.

இதற்கிடையில் ஜீப்பு சும்மா இருக்கவில்லை. கைப்பற்றிய பொருளை உள்ள நிலையில் பாதுகாக்க வேண்டும் என்பது விதி. நிலையத்தார் இறக்கைகளைக் கழற்றி, கோழிக்கூண்டுக்குக் கூரை போட்டார்கள். வண்டியைத் தாங்களே ஓட்டினார்கள். தண்ணீர்ப் பீப்பாய், பந்தோபஸ்து, அருவியில் விழுந்தவன் பிணம், ஆய்வாளர் வீட்டுக்காரியின் கோயில் பயணம் எல்லாம் அதில் நடந்தன. முன் தகரத்தை மட்டும் எடுக்கவில்லை. அது வழக்குச் சாட்சியம். விடுதலை விண்கலம் 5 காக்கிச் சட்டைகளைச் சுமந்துகொண்டு போடிக் கடைவீதியில் போவதை ஊரே பார்த்தது. ஜாமீன் நிபந்தனைப்படி மச்சான் ஞாயிறு தவிர தினமும் காலையில் அந்த நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வண்டி கிளம்பாத நாட்களில் அவரையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னார்கள். அவரும் செய்தார்.

“நம்மள அடிச்ச கைக்கே எண்ணெ தேச்சு விட்டுட்டு வாரீகளோ?” என்று அக்காள் ஒருநாள் தட்டை நங்கென்று வைத்தாள்.

“அவனுகளுக்காகவா செய்றேன்? ஏத்தத்துல மூணாவது கியரப் போட்டு மூச்ச முட்ட வைக்கிறானுக. வண்டி என்னா செஞ்சுச்சு பாவம்?” மச்சான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு என்னிடம், “மாப்ளே, தில்லிக்காரன் எப்பத்தான் எழுதுவான்? பட்டணத்து ஆளுக்கு ஜீப்பு தெரியாதா?” என்றார்.

மேலே லைன் வீடுகளில் அரிசி தலைச்சுமையாக ஏறியது. தலைப்பிரசவத்துக்கு இரண்டு நாள் துடித்த ஒருத்தியைக் கம்பளியில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். இறங்கும் வழியில் அவள் ரத்தம் கம்பளி வழியாகக் கசிந்து, தூக்கியவர்கள் கால் வழுக்கியது. தாயும் பிள்ளையும் குரங்கணிக்கு வந்து சேரவில்லை. அந்தச் செய்தியைச் சொல்ல வந்தவன் மச்சானிடம், “வண்டி இருந்திருந்தா அண்ணே...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மச்சான் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜீப்பின் பக்கம் திரும்பாமலே வந்துவிட்டார். என் வண்டியைக் கொடுங்கள் என்று ஆய்வாளரிடம் ஒருமுறை நேரில் கேட்டதற்கு, கோர்ட்டு உத்தரவோடு வா என்றார்களாம். சட்டப்படி அந்தப் பதில் சரியானது. இந்த விவகாரம் முழுவதிலும் சட்டப்படி சரியாக இருந்தது அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த ஆண்டு ஆவணியில், காய் எடுப்பு மும்முரமாக இருந்த நேரத்தில், தோட்டத்து ஆட்கள் பாதையில் உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியாரை வெட்டியவர்களைப் பிடிக்கும் வரை ஒரு மூட்டை காய்கூட ஏலத்துக்கு இறங்காது என்றார்கள். வெட்டியவர்கள் காவல்துறைக் கணக்கில் அடையாளம் தெரியாத நபர்கள். அந்த அடையாளம் தெரியாத நபர்கள் தோட்டத்து ஸ்டோரில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் மலைக்கு நடந்து ஏறினேன். விண்கலம் என்பது நாடகத்துக்காக வைத்த பெயர் என்று வக்கீல் புதிதாக ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்திருந்தார். மச்சான் கையெழுத்து வேண்டும். அவரும் அக்காளும் முந்தின நாள் நிலையக் கையெழுத்து முடிந்ததுமே மேலே போய் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்டு வெயில் அடித்தது. பெண்கள் பாதையிலேயே அடுப்பு மூட்டிக் கடுங்காப்பி போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

கீழ் வளைவில் எஞ்சின் சத்தம் கேட்டது. மலையில் அந்தச் சத்தம் தெரியாத ஆள் கிடையாது. வளைவைத் தாண்டித் தகரமும் எழுத்தும் தெரிந்தன. அடுப்படியில் இருந்த ஒருத்தி துள்ளி எழுந்தாள். “ஏ, டிரைவர் அண்ணே வண்டிடீ! விட்டுட்டாங்கடீ!” பெண்கள் குலவையிட்டார்கள். ஏழெட்டுப் பேர் சிரித்துக்கொண்டே சரிவில் ஓடினார்கள். அக்காளும் ஓடினாள். மச்சான் மட்டும் எழுந்து நின்று, “நான் இங்கல்ல இருக்கேன். அப்ப ஓட்டுறது யாரு?” என்றார்.

அதற்குள் வண்டி நின்று, பின்னாலிருந்து தடிகள் இறங்கின. கலைந்து போங்கள் என்று முதலில் எச்சரிக்க வேண்டும். அதற்கு அவகாசம் தர வேண்டும். இடுப்புக்குக் கீழேதான் அடிக்க வேண்டும். எச்சரிக்கை இல்லை. ஓடிவந்தவர்கள் ஓடிவந்த வேகத்திலேயே தடியில் போய் மோதினார்கள். குலவையிட்ட வாயிலேயே அக்காளுக்கு அடி விழுந்தது. முன்பற்கள் இரண்டும் உதட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன. கடுங்காப்பிப் பானை உருண்டு, கீழே விழுந்து கிடந்த ஒருத்தியின் மார்பில் கவிழ்ந்தது. கர்ப்பிணி என்று கத்திய ஒருத்தியின் முதுகில் இரண்டு பேர் மாறி மாறி அடித்தார்கள். அவள் வயிற்றைக் கட்டிக்கொண்டு கல்லோடு கல்லாகச் சுருண்டாள். ஆண்கள் கல்லெறியத் தொடங்கினார்கள். ஒரு காவலரின் கண் போனது. அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டபடி பாதை நடுவே வட்டமாகச் சுற்றினார். எனக்குத் தோளில் ஒன்று விழுந்தது. பிரமாணப் பத்திரத்தை, ரத்தம் பட்டுவிடாமல், சட்டைக்குள் திணித்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அது ஏன் முக்கியமாகப் பட்டது என்று இன்றுவரை தெரியவில்லை.

நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று காவலர்கள் எஞ்சினை அணைக்காமல் விட்டிருந்தார்கள். மச்சான் சண்டைக்குள் போகவில்லை. ஓரமாக, பாறையை ஒட்டி நடந்து, வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஏட்டு அதைப் பார்த்துவிட்டார்.

“டேய்! எறங்குடா! அது கோர்ட்டுப் பொருள்டா!”

“தெரியும் ஏட்டய்யா” என்றார் மச்சான்.

பாதையின் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அவர் வண்டியை ஆட்களிடமிருந்து பின்னுக்கு எடுத்தார். வளைவில் அகலமான இடம் வந்ததும் திருப்பி, பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினார். ஒரு கணம் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு கிளட்சை விட்டார். விளிம்பில் அவர் வெளியே தாவியபோது பாறையில் அடித்துக் காறையெலும்பு உடைந்தது. வண்டி கொஞ்ச நேரம் எதிலும் படவில்லை. எஞ்சின் உறுமல் மட்டும் காற்றில் கேட்டது. பிறகு மரங்கள் முறியும் சத்தம், தகரச் சத்தம், நெடுநேரம் கழித்து ஆழத்திலிருந்து ஒரு புகை. தடியும் கல்லும் நின்றுவிட்டன. இரண்டு பக்கத்தாரும் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்காள் முந்தானையை வாயில் அழுத்தியபடி வந்து மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இனி யாரயும் அடிக்க அது வராதுல்ல?” என்று குழறினாள். அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அவருக்கு விலங்கு மாட்டினார்கள். உடைந்த தோள் பக்கத்துக் கையில் அல்ல, நல்ல கையில். போகும்போது என்னைப் பார்த்து நின்றார். “என்னமோ பேப்பர்ல கையெழுத்து வேணுமுன்னியே மாப்ளே? கொண்டா.” நான் எடுத்துக் கொடுத்தேன். விலங்கோடு, ஏட்டின் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஏட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வக்கீல் அதைத் திங்கட்கிழமை தாக்கல் செய்தார். ஒருமுறை ஆரம்பித்த நடவடிக்கையைப் பாதியில் நிறுத்த வழி இல்லை. அதுவும் விதி.

கொலை முயற்சி வழக்கு நிற்கவில்லை. ஆயுதமே இல்லாமல் போய்விட்டது. ஆனால் நீதிமன்றப் பொறுப்பில் இருந்த பொருளை அழித்த வழக்கு நன்றாக நின்றது, அதிசயமான வேகத்தில் நடக்கவும் செய்தது. என் ஜீப்பை நானே தள்ளினேன் என்று மச்சான் ஒப்புக்கொண்டார். அது உன் ஜீப்பு என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அரசு வக்கீல் கேட்டார். பட்டியலில் இருப்பது விண்கலம். அதற்கு அவரிடம் பதிவுப் புத்தகம் இல்லை. ஆறு மாதம் தண்டனை. பல் போன வாயோடு அக்காள் நீதிமன்ற வாசலில் நின்று, “உள்ள சோறாச்சும் ஒழுங்காத் தின்னுங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது குரங்கணிக்கு ஜீப்புகள் வரிசையாகப் போகின்றன. வெளியூர்ப் பிள்ளைகள் அந்த வளைவில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் கம்பித் தடுப்பு போட்டிருக்கிறார்கள், நல்ல உறுதியான தடுப்பு. சிறையிலிருந்து வந்த மச்சான் வேறு எந்த வண்டியையும் ஓட்டவில்லை. தோள் கூடிவந்த பிறகும் ஓட்டவில்லை. ராசிங்காபுரத்தில் அக்காளின் பங்கு நிலத்தில் பாடுபட்டார். மேலே போகிற ஜீப்பு ஏதாவது சாலையில் இரைந்தால் மண்வெட்டியை நிறுத்தி, எந்தக் கியரில் போகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்வார்.

தில்லியின் பதில் வந்தது. உறையைப் பிரித்து, முத்திரை குத்தி, உள்வரவுப் பதிவேட்டில் பதிந்தவன் நான். குறிப்பிட்ட எண்ணில் எந்த வானூர்தியும் தங்களிடம் பதிவாகவில்லை என்றும், பறக்கத் தகுதியானது என்ற சான்று பெறாமல் அதை இயக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உரியவரிடம் ஒப்படைப்பதில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றும் அதில் எழுதியிருந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு, வெள்ளிக்கிழமைதான், மச்சானை மதுரைச் சிறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பதில் வந்து சேர்ந்த நாள், கார்த்திகை மாதத்து முதல் திங்கட்கிழமை.